பல்லுக்கு ஜனவரி தெரியாது

"டென்டலா? ஏதாவது ஒண்ணை டிக் பண்ணிட்டுப் போங்க. எல்லாம் ஒண்ணுதான்." நவம்பர் பிறந்தால் அமெரிக்கத் தமிழர் வீடுகளில் தவறாமல் கேட்கும் பேச்சு இது. ஜனவரியில் தொடங்கும் ஆண்டுக்கான காப்பீட்டைத் தேர்ந்தெடுக்க அலுவலகம் இரண்டு மூன்று வாரம் தவணை தருகிறது. மெடிக்கல் பிளானுக்காக இரண்டு மாலை எக்ஸெல் திறந்து உட்காருகிறவர், டென்டலுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குவதில்லை. ஒதுக்கினாலும் பார்ப்பது சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்கிற ஒரே எண்ணைத்தான்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. அதை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். பல் பிளான் என்பது வெறும் பணக்கணக்கு. பல்லுக்கு என்ன செய்யவேண்டும் என்று முடிவெடுப்பவர் டாக்டர். அந்த பில்லில் யார் பங்கு எவ்வளவு என்று சொல்வதோடு பிளானின் வேலை முடிந்தது. எந்த பிளானை எடுத்தாலும் வருடத்துக்கு இரண்டு கிளீனிங் இலவசம். நெட்வொர்க்கில் இருக்கும் டாக்டர்கள் எல்லோரும் அதே மாநில உரிமம் பெற்றவர்கள். ஆண்டு உச்சவரம்பைத் தொடுகிறவர்கள் மிகச் சிலர். மாதம் பத்துப் பதினைந்து டாலர் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்வானேன்? பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாமே!

இப்படிச் சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். என் கணவரே பல வருடம் இதைத்தான் சொன்னார். அவர் சொன்னதை நானும் நம்பினேன், நியூஜெர்சியில் ஒரு பல் மருத்துவரின் முன்மேசையில் வேலைக்குச் சேரும்வரை. அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பக்கம் டாக்டர் எழுதித் தந்த வைத்தியக் குறிப்பு, மறுபக்கம் இன்சூரன்ஸ்காரரின் விதிப்பட்டியல், எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர். இந்த மூன்றுக்கும் நடுவே பதினோரு வருடம் உட்கார்ந்த பிறகு சொல்கிறேன்: பிளான் வைத்தியத்தைத் தொடுவதில்லை என்பது தவறு. அது பர்ஸோடு நிற்பதில்லை, வாய்க்குள்ளேயே வருகிறது. எந்தப் பல் நிற்கும், எது பிடுங்கப்படும், எது எந்த மாதத்தில் அடைக்கப்படும் என்பதெல்லாம் நவம்பரில் நீங்கள் இரண்டு நிமிடத்தில் தட்டிய அந்த டிக்கில் பாதி முடிவாகிவிடுகிறது.

1. முதலில் காப்பீடு என்ற அந்தப் பெயரையே ஒப்புக்கொள்ள முடியாது. காப்பீடு என்றால் என்ன? சின்னச் செலவை நாம் பார்த்துக்கொள்வது, தாங்கமுடியாத செலவு வந்தால் கம்பெனி தாங்குவது. வீடு எரிந்தால், கார் நொறுங்கினால், இதயத்தில் அடைப்பு வந்தால் அப்படித்தான் நடக்கிறது. ஒபாமா காலத்துச் சட்டத்தின்படி, மெடிக்கல் பிளானில் நெட்வொர்க்குக்குள் வைத்தியம் பார்த்தால் 2025இல் ஒருவர் தன் கையிலிருந்து கட்டவேண்டிய அதிகபட்சம் 9,200 டாலர். அதற்குமேல் கம்பெனியின் பாடு. பல் பிளானில் இந்த வரம்பு தலைகீழாக நிற்கிறது. கம்பெனி கட்டவேண்டிய அதிகபட்சத்தை, பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலர் வரை, எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் எல்லாம் உங்கள் பாடு. அதாவது ஆபத்து எங்கே தொடங்குகிறதோ அங்கே காப்பீடு முடிகிறது.

இந்த ஆயிரம் டாலர் எங்கிருந்து வந்தது? 1970களின் தொடக்கத்திலேயே ஆயிரம் என்பது சாதாரணமாகப் புழங்கிய வரம்பு. அன்றைய ஆயிரத்தை இன்றைய விலைவாசிக்கு மாற்றினால் ஏழாயிரத்துக்கும் மேலே வரும். விலைவாசி ஏறியது, பல் வைத்தியச் செலவு ஏறியது, பிரீமியமும் ஏறியது. வரம்பு மட்டும் ஐம்பது வருடமாக உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

இதில் சதி எதுவும் இல்லை, பிறப்பே அப்படி. 1954இல் அமெரிக்க மேற்குக் கரையின் துறைமுகத் தொழிலாளர் சங்கமும் கப்பல் முதலாளிகள் அமைப்பும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் வேண்டும் என்று வாஷிங்டன், ஓரிகன், கலிபோர்னியா மாநிலங்களின் பல் மருத்துவர் சங்கங்களை அணுகின. அதற்காக உருவான அமைப்புகள்தாம் பின்னாளில் டெல்டா டென்டல் ஆயின. பிள்ளைகளின் பல்லுக்கு முன்கூட்டியே பணம் கட்டி வைக்கும் ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடும்கூட. ஆனால் அது முன்பணச் சீட்டு. நம் ஊரில் தீபாவளிக்குப் பட்டாசுச் சீட்டு கட்டுவோமே, ஏறக்குறைய அந்த ஜாதி. பட்டாசுச் சீட்டை யாரும் தீ விபத்துக் காப்பீடு என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவதில்லை.

2. டாக்டர்தான் முடிவெடுக்கிறார் என்றால், காசு விகிதம் மாறியதும் வைத்தியமும் ஏன் மாறியது? இது நான் கிளப்பும் சந்தேகம் அல்ல. 1970களில் தொடங்கி எண்பதுகளின் தொடக்கம்வரை ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்கக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், சிலருக்குக் கால் பங்கு, சிலருக்குப் பாதி, சிலருக்கு ஏறக்குறைய முழுச் செலவு என்று வெவ்வேறு பிளான்களைக் கொடுத்துப் பார்த்தது. அதில் பல் வைத்தியமும் அடக்கம். இலவசம் பெற்றவர்கள் கூடுதலாகப் போனார்கள், கூடுதலாக வைத்தியம் பெற்றார்கள். வேடிக்கை என்னவென்றால் முதல் வருடத்தில்தான் கூட்டம் பொங்கியது. அத்தனை நாள் காசுக்காகத் தள்ளிப்போட்டு வைத்திருந்த சொத்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வரிசையில் வந்து நின்றன. குலுக்கிப் போட்டால் எந்தக் குழுவிலும் பல்லின் நிலைமை சராசரியாக ஒன்றுதான். மாறியது பிளான் மட்டுமே.

இனி என் மேசைக்கு வாருங்கள். பெரும்பாலான பிளான்கள் 100–80–50 என்ற கட்டமைப்பில் இயங்குகின்றன. கிளீனிங், எக்ஸ்ரே போன்றவற்றுக்கு நூறு சதவீதம். ஃபில்லிங், பல் பிடுங்குதல் போன்றவற்றுக்கு எண்பது. கேப், பிரிட்ஜ், பல்செட்டு ஆகியவற்றுக்கு ஐம்பது. ரூட் கேனால் எந்த வகுப்பில் வரும் என்பது பிளானுக்குப் பிளான் மாறும். சிலவற்றில் எண்பது, சிலவற்றில் ஐம்பது. அந்த ஒரு வரிதான் பல சமயம் ஒரு கடைவாய்ப்பல்லின் ஆயுள் ரேகை.

ஒரு கணக்குப் போடுவோம். நவம்பர் மாதம், கீழ்க் கடைவாய்ப்பல்லில் நரம்புவரை சொத்தை. ரூட் கேனால் 1,300 டாலர், பல்லை உள்ளே கட்டி எழுப்ப 300, மேலே கேப் 1,400, ஆக 3,000 என்று வைத்துக்கொள்வோம். பிளான் உச்சவரம்பு 1,500. முதலில் நாம் கட்டவேண்டியது 50. ரூட் கேனாலும் கட்டுமானமும் எண்பது சதவீத வகுப்பில். அந்த வருடம் வேறு எதற்கும் பிளானைத் தொடவில்லை. ரூட் கேனாலுக்கு பிளான் 1,000 தரும். கட்டுமானத்துக்கு 240. கேப்புக்கு 700 தரவேண்டும், ஆனால் மிச்சம் இருப்பது 260. மொத்தத்தில் பிளான் 1,500, நீங்கள் 1,500. இதே பல்லைப் பிடுங்கினால்? பில் 250 டாலர். ஐம்பது கழித்து எண்பது சதவீதம் பிளான் கட்டிவிடும். உங்கள் கையிலிருந்து 90.

இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி எதிரே இருப்பவரிடம் தள்ளுவது என் வேலை. 1,500 அல்லது 90. பிளான் ஆயிரத்தைந்நூறு கொடுத்ததே, அது உதவி இல்லையா என்று கேட்கலாம். உதவிதான். ஆனால் தாளைப் பார்க்கிறவர் கண்ணில் படுவது பிளான் கொடுத்த தொகையா, தான் கொடுக்கவேண்டிய தொகையா? காப்பாற்றக்கூடிய பல்லைப் "பிடுங்கிடுங்க அக்கா, ஒரு பல்லுதானே" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போனவர்களை நான் எண்ணி வைக்கவில்லை. எண்ணியிருந்தால் இந்தக் கட்டுரையை முன்பே எழுதியிருப்பேன்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. உண்மையில் அதிகம் நடப்பது அதுதான். ரூட் கேனாலையும் கட்டுமானத்தையும் நவம்பரில் செய்துவிட்டுக் கேப்பை ஜனவரிக்குத் தள்ளுவது. ஜனவரியில் புது வருடம், புது 1,500. பழைய கணக்கில் 1,240 வாங்கியாயிற்று. புதுக் கணக்கில் மறுபடி ஐம்பது கழித்துக் கேப்புக்கு 675. உங்கள் செலவு 1,085 ஆகக் குறைகிறது. மிச்சம் 415 டாலர். கெட்டிக்காரத்தனம்தான், நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ரூட் கேனால் செய்த கடைவாய்ப்பல் கேப் இல்லாமல் நிற்பது பானை ஓடு நிற்பது மாதிரி. ஒரு முறுக்கு போதும், நெடுக்காகப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். அயோவா பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களின் பதிவுகளை வைத்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு, ரூட் கேனால் செய்து கேப் போடாத பற்கள் கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாகச் சொன்னது. அது வருடக்கணக்கில் போடாமல் விட்டவர்களைப் பற்றியது, இரண்டு மாதத்தைப் பற்றியது அல்ல. ஆனால் "ஜனவரியில் வர்றேன்" என்றவர்களில் எத்தனை பேர் வலி நின்ற பிறகு ஜனவரியில் வருகிறார்கள் என்று எந்த முன்மேசைக்காரியை வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த டாக்டரும் "இந்தப் பல்லுக்குக் கேப்பை எட்டு வாரம் கழித்துப் போடுவது நல்லது" என்று படித்துவிட்டு வரவில்லை. அந்த எட்டு வாரத்தை எழுதியது பிளான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பல பிளான்களில் "ஆகக் குறைந்த விலை மாற்று வைத்தியம்" என்று ஒரு ஷரத்து இருக்கிறது. கடைவாய்ப்பல்லுக்கு டாக்டர் பல் நிற ஃபில்லிங் வைப்பார். பிளான் பாதரசம் கலந்த வெள்ளி ஃபில்லிங்குக்கான காசை மட்டும் தரும். வித்தியாசம் உங்கள் தலையில். முன்மேசையில் இதை டவுன்கிரேடு என்போம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் அந்த வெள்ளி ஃபில்லிங்கைத் தவிர்க்கமுடியாத மருத்துவத் தேவை தவிர மற்றவற்றுக்குத் தடை செய்துவிட்டது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே 2020 செப்டம்பரில், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முடிந்தவரை இதைத் தவிர்க்கட்டும் என்றது. இன்சூரன்ஸ்காரரின் விலைப்பட்டியலில் மட்டும் அது இன்றும் தரமான வைத்தியத்தின் அளவுகோல்.

3. "இரண்டு கிளீனிங் இலவசமாச்சே!" ஆமாம். யாருக்கு இரண்டு என்று யார் முடிவு செய்தது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதை ஏதோ மருத்துவ வேதவாக்கு போல எடுத்துக்கொண்டிருக்கிறோம். பிரிட்டனின் நைஸ் என்ற அரசு அமைப்பு 2004இலேயே பெரியவர்களுக்கான இடைவெளி மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரை ஆளுக்கு ஆள் மாறவேண்டும் என்று வழிகாட்டியது. ஈறு ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஆறு மாதம் என்பது தேவைக்கு மேல். ஈறு இறங்கி எலும்பு கரைந்துகொண்டிருப்பவருக்கு ஆறு மாதம் என்பது ஆபத்தான இடைவெளி. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அவர் வரவேண்டும்.

நம்மவர்களுக்கு இது வெறும் தத்துவம் அல்ல. தென்னிந்தியர்களிடையே சர்க்கரை நோய் எவ்வளவு பரவலானது என்பதைச் சொல்லவே வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு கெடுகிறது. ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. இப்படிப்பட்டவருக்கு ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்தபிறகு வருடத்துக்கு மூன்று நான்கு பராமரிப்பு வருகைகள் தேவை. பல பிளான்கள் அவற்றையும் அந்த இரண்டு கிளீனிங் கணக்கிலேயே சேர்த்துவிடுகின்றன. சில, நூறு சதவீதத்திலிருந்து எண்பதுக்கு இறக்கிவிடுகின்றன. நோயில்லாதவருக்கு இலவசம், நோயாளிக்குக் கட்டணம். இதற்குத் தடுப்பு வைத்தியம் என்று பெயர்.

அதைவிட அற்பமான ஒன்று. சில பிளான்களில் "வருடத்துக்கு இரண்டு" என்று இருக்கும். சிலவற்றில் "ஆறு மாதத்துக்கு ஒன்று". இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டாவதில் மார்ச் 12 அன்று கிளீனிங் செய்தவர் செப்டம்பர் 10 அன்று வந்தால் முழு பில்லும் அவர் தலையில். இதற்காக என் எதிரே நின்று சண்டை போட்டவர்கள், ரூட் கேனாலுக்குச் சண்டை போட்டவர்களைவிட அதிகம்.

4. நெட்வொர்க் பெரியது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பட்டியலில் இருக்கும் டாக்டர்களில் சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள், சிலர் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியிருப்பார்கள், சிலர் புது நோயாளிகளை எடுப்பதில்லை. அதை விடுங்கள். நெட்வொர்க்கில் இருப்பது என்றால் டாக்டர் தன் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பொருள். நமக்கு அது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாடகையும் நர்ஸ் சம்பளமும் லேப் பில்லும் குறைவதில்லை. எங்கேயோ ஈடுகட்ட வேண்டும். ஒரு மணி நேரக் கிளீனிங் நாற்பது நிமிடமாகிறது. கேப் செய்ய விலை மலிவான லேப் தேடப்படுகிறது. இன்னும் மோசமான இடங்களில் தேவையே இல்லாத ஆழச் சுத்தம் நான்கு பக்கமும் எழுதப்படுகிறது. எல்லா டாக்டர்களும் அப்படி என்று சொல்லமாட்டேன். நான் வேலை பார்த்தவர் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்தார், கடைசியில் இரண்டு நெட்வொர்க்கை விட்டு வெளியேறினார். வெளியேறிய மாதம் எங்கள் நோயாளிகளில் பலர் அவரை விட்டு வெளியேறினார்கள். பத்து வருடம் அவர்கள் வாயைப் பார்த்தவர் அவர். பிளானுக்கு வைத்தியத்தோடு சம்பந்தம் இல்லை என்றால், இந்த உறவு எதனால் அறுந்தது?

ஹெச்.எம்.ஓ. வகைப் பல் பிளான்களில் நிலைமை எதிர்ப்பக்கம். அங்கே உங்களுக்கென்று ஒரு டாக்டரை ஒதுக்குவார்கள். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் சில டாலர் அவருக்குப் போகும். நீங்கள் வராமல் இருந்தால் அது அவருக்கு லாபம். வந்தால் செலவு. பிரீமியம் மிகக் குறைவு, உச்சவரம்பும் பொதுவாக இல்லை. நேர்மையான டாக்டர் கிடைத்தால் நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல பேரம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் "அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஏழு வாரம் கழித்துத்தான்" என்று அங்கே சொன்னால் அது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். ஒரு வகையில் கூடுதலாகச் செய்யத் தூண்டுதல், மற்றதில் குறைவாகச் செய்யத் தூண்டுதல். தூண்டுதலே இல்லாத பிளான் என்று ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

5. உச்சவரம்பைத் தொடுவோர் மிகச் சிலரே என்பது காப்பீட்டுக்காரர்களின் பிரியமான பதில். அது உண்மையும்கூட. உண்மையாக இருப்பதுதான் பிரச்சினை. காப்பீடு என்ற ஒன்று இருப்பதே அந்தச் சிலருக்காகத்தானே? நூறு பேரில் சிலர் வீடுதான் தீப்பிடிக்கிறது. அதற்காக வீட்டுக் காப்பீட்டை ஆயிரத்தைந்நூறு டாலரோடு யாரும் நிறுத்துவதில்லை. இன்னொன்று, இந்தக் கணக்கு வரம்பைத் தொட்டவர்களை மட்டும் எண்ணுகிறது. வரம்பைப் பார்த்துப் பயந்து 90 டாலருக்குப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவர் அந்தக் கணக்கில் வரம்பைத் தொடாத திருப்தியான வாடிக்கையாளர்.

கட்டிய பிரீமியத்தில் வைத்தியத்துக்குப் போவது எவ்வளவு என்று கேட்கவும் நமக்கு உரிமை குறைவு. மெடிக்கல் பிளான்கள் பிரீமியத்தில் 80 அல்லது 85 சதவீதத்தையாவது வைத்தியத்துக்குச் செலவிடவேண்டும், இல்லையேல் மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அதே ஒபாமா காலத்து 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தனியாக விற்கப்படும் பல் பிளான்களுக்கு அந்த விதி பொருந்தாது. 2022 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் இதை வாக்குச்சீட்டில் கேட்டு, பத்துக்கு ஏழு பேர் ஆதரவோடு 83 சதவீதம் என்று விதித்துக்கொண்டார்கள். பல் பிளான் வெறும் சில்லறை விஷயம் என்று அந்த ஊர்க்காரர்கள் நினைக்கவில்லை போலும்.

6. "அடுத்த வருஷம் மாத்திக்கலாம்" என்பதில்தான் எனக்குக் கோபம் அதிகம். பிளானை மாற்றலாம். பல்லை மாற்றமுடியாது. வேலை மாறிக்கொண்டே இருக்கும் ஐ.டி. குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது: ஒரு கம்பெனியில் இருக்கும்போது பல்லைப் பிடுங்குகிறார், "பிரிட்ஜ் அப்புறம் கட்டிக்கலாம்" என்று விடுகிறார், புதுக் கம்பெனியில் புது பிளான். அங்கே ஒரு ஷரத்து: இந்த பிளானில் சேரும் முன்பே இல்லாமல் போன பல்லுக்கு மாற்றுப்பல் கட்டக் காசு கிடையாது. பழைய பிளான் பிடுங்கக் காசு கொடுத்தது, புது பிளான் கட்டக் காசு கொடுக்காது. நடுவில் உள்ள ஓட்டையை நோக்கி இரண்டு பக்கப் பற்களும் மெல்லச் சாய்கின்றன. மேல்பல் கீழே இறங்குகிறது. பல் எந்தக் கம்பெனியின் ஊழியரும் அல்ல.

7. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரே ஒரு பத்தி. சென்னையிலோ கோவையிலோ நல்ல பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள், செலவும் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவுதான். நானே என் மாமியாருக்கு அங்கேதான் பல்செட்டுக் கட்டினேன். ஆனால் உங்கள் லீவு மூன்று வாரம். இம்பிளான்ட் வைத்தால் அது எலும்போடு சேரவே மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். சீழ் கட்டிய பல் டிசம்பர் டிக்கெட் விலை குறையட்டும் என்று காத்திருக்காது.

இவ்வளவும் சொன்னால் உடனே வரும் கேள்வி: அப்படியானால் எல்லா பிளானும் மோசம், தேர்வு எதற்கு? நான் அப்படிச் சொல்லவில்லை. முதலாளி பிரீமியத்தில் பாதிக்குமேல் கட்டுகிறார் என்றால் எடுக்காமல் விடுவது புத்திசாலித்தனம் அல்ல. நான் சொல்வது தேர்வு செய்யும் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது. நாம் பிரீமியத்தில் தொடங்கி, நெட்வொர்க்குக்கு வந்து, டாக்டரைப் பிடித்து, கடைசியில் வாயைத் திறக்கிறோம். வாயிலிருந்து தொடங்கவேண்டும்.

அக்டோபரில் டாக்டரிடம் போய், அடுத்த ஒன்றரை வருடத்தில் என் வாயில் என்ன வரப்போகிறது என்று கேளுங்கள். எக்ஸ்ரேயைப் பார்த்து அவர் ஓரளவு சொல்லிவிடுவார்: இந்தப் பழைய ஃபில்லிங் விளிம்பில் கசிகிறது, அந்த ஞானப்பல் பக்கத்துப் பல்லை இடிக்கிறது, ஈறுப் பள்ளம் நான்கு மில்லிமீட்டர், கவனிக்கவேண்டும். பிறகு முன்மேசையில் இருப்பவரிடம் வாருங்கள். "இந்த இன்சூரன்ஸ் எடுப்பீங்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் எடுப்போம் என்றுதான் சொல்வோம், க்ளெய்ம் அனுப்புவதற்கு எங்களுக்கு என்ன கஷ்டம்? பிளானின் முழுப் பெயரைச் சொல்லி, "இந்த பிளானில் ஒப்பந்தத்தில் இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள்.

அதன்பிறகு பிளானின் விவரப் புத்தகத்தை எடுங்கள். மடித்து வைத்த விளம்பரத் தாள் போதாது. ரூட் கேனால் எந்த வகுப்பில்? கடைவாய்ப்பல் ஃபில்லிங்கை டவுன்கிரேடு செய்கிறார்களா? கிளீனிங் காசு உச்சவரம்பிலிருந்து கழிகிறதா? சில பிளான்களில் கழியாது. அது வருடத்துக்கு முந்நூறு, நானூறு டாலர் வித்தியாசம், நீங்கள் பிரீமியத்தில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம். இல்லாத பல் பற்றிய ஷரத்து உண்டா? நெட்வொர்க்குக்கு வெளியே போனால் எந்தக் கட்டணத்தின்மீது சதவீதம் கணக்கிடுவார்கள், அந்த வட்டாரத்து விலையின்மீதா, தங்கள் ஒப்பந்த விலையின்மீதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இரண்டாவதாக இருந்தால், "எந்த டாக்டரிடமும் போகலாம்" என்ற வாக்குறுதிக்குப் பெரிய மதிப்பில்லை.

வாய் சுத்தமாக இருக்கிறது, பத்து வருடமாகச் சொத்தை இல்லை, முழு பிரீமியமும் உங்கள் கையிலிருந்து போகிறது என்றால், மாதம் நாற்பது டாலர் வீதம் வருடத்துக்கு 480 கட்டி நானூறு டாலர் கிளீனிங் வாங்குவதைவிட, அலுவலகத்தின் எஃப்.எஸ்.ஏ. கணக்கில் வரி பிடிக்காத பணமாகப் போட்டுவைத்து டாக்டருக்கு நேராகக் கட்டிவிடலாம். 2025இல் அதற்கான வரம்பு 3,300 டாலர். பெரிய வைத்தியம் வரப்போகிறது என்றால் அதிக உச்சவரம்புள்ள பிளானுக்குக் கூடுதல் பிரீமியம் கொடுப்பது வீண் செலவு ஆகாது. இந்த இரண்டில் நீங்கள் யார் என்பதை எக்ஸெல் சொல்லாது.

போன வாரம் டல்லஸிலிருந்து உறவுக்காரப் பையன் கூப்பிட்டான். "அக்கா, மூணு டென்டல் பிளான் இருக்கு, எது பெஸ்ட்? இன்னிக்கு நைட்டு கடைசி நாள்." கடைசியாக எப்போது பல்லை எக்ஸ்ரே எடுத்தாய் என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஊர்ல, காலேஜ் படிக்கிறப்ப" என்றான்.